ஆச்சு அண்ணனின் ராட்டினம்

உட்காரும் முன் ஊதுவார். பேருந்து இருக்கையோ ஆஸ்பத்திரி நாற்காலியோ, எதுவானாலும் குனிந்து 'ஃபூ' என்று ஒரு ஊது. பிறகு தோள் துண்டால் இரண்டு தட்டு. அதன் பிறகுதான் உட்காருவார். உலகத்திலுள்ள எல்லா நாற்காலியிலும் யாருடைய முடியாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அவர் எண்ணம். ராட்டினத்தில் ஏறும்போதும் அப்படித்தான். பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து, "பெரியவரே, உட்காருங்க, கிளம்பப் போவுது" என்று கத்துவார்கள். அவர் நிதானமாகத் துண்டை உதறிக்கொண்டே, "தோ, ஆச்சு" என்பார்.

அந்தச் சொல்தான் அவருக்குப் பெயர். அவர் நடத்தும் சலூனில் சின்னப் பிள்ளைகள் வந்தால் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் தூக்கி வைத்து, வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டுவார். பிள்ளை வாயைத் திறந்து அழத் தயாராகும். கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இவர் ஆரம்பித்துவிடுவார்: "ஆச்சு ஆச்சு ஆச்சு... முடிஞ்சிருச்சு கண்ணு... தோ ஆச்சு." தாலாட்டுக்கும் சமாதானத்துக்கும் இடைப்பட்ட ஒரு குரல். ஒரு வாண்டு ஒருமுறை அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, ஏன் பொய் சொல்றீங்க?" என்று கேட்டது. கடையே சிரித்தது. அன்றிலிருந்து தெருவுக்கு அவர் ஆச்சு அண்ணன்.

யார் பெயரும் அவருக்கு நினைவில் தங்காது. தலைதான் தங்கும். "அந்த ரெட்டைச் சுழிக்காரர் வந்தாரா?" என்பார். "நம்ம முள்ளம்பன்றி மகளுக்குக் கல்யாணமாம்" என்பார். மகளோடு ராட்டினப் பூங்காவில் நீண்ட வரிசையில் நிற்கும்போதும் அவர் பார்வை முன்னால் நிற்பவர்களின் தலையில்தான் மேயும். "பாப்பா, அந்தப் பச்சைச் சட்டையைப் பாரு. ஒரு பக்கக் கிருதா மேல, ஒரு பக்கம் கீழ. வெட்டினவன் தூங்கிட்டே வெட்டியிருக்கான்." மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மெதுவாப்பா, காதுல விழும்" என்பாள். "விழட்டும். அதுதான் வெளிய நல்லாத் தெரியுதே, காது."

இப்படித்தான் பேச்சு இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, விடுமுறையில், ஏதாவது ஒரு கேளிக்கைப் பூங்காவில்.

மகளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பிரிந்த பிறகு முதல் தடவையாக அவளைப் பார்க்க வந்தவர், பள்ளிக்கூடம் போகிற பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போனார். பெரிய பெரிய தேநீர்க் கோப்பைகள் சுற்றுகிற ஒரு ராட்டினம் அங்கே இருந்தது. அது நின்றதும் அவள், "இன்னொரு தடவை" என்றாள். மறுபடி நின்றதும், "இன்னொரு தடவை." கோப்பை நின்றால் இறங்க வேண்டும். இறங்கினால் அப்பா அவளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தக் கணக்கு மட்டும் அவளுக்கு அப்போதே புரிந்திருந்தது. வாந்தி தொண்டை வரைக்கும் வந்து நின்றபோதும் வாயை மூடிக்கொண்டு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அடுத்த விடுமுறைக்கு அவரே போன் செய்தார். "புதுசா ஒரு ராட்டினம் வந்திருக்காம், போலாமா?" இன்ன ராட்டினம் என்றில்லை. தண்ணீரில் விழுவது, கயிற்றில் தொங்குவது, தலைகீழாய்ப் போகிற ரோலர் கோஸ்டர் எல்லாமே அவருக்கு ராட்டினம்தான்.

அவர் ஏன் இப்படி அலைகிறார் என்று அவளுக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. தெருவைக் கடக்க இருபுறமும் பார்த்து, மறுபடி பார்த்து, யாராவது கடந்தால் அவர் நிழலில் ஒதுங்கிக் கடக்கிற மனிதர். மாடிப்படியில் கைப்பிடியை விடமாட்டார். அப்படிப்பட்டவர் எங்கே புதிதாக இரும்பை வளைத்து வைத்திருந்தாலும் விசாரித்துவிடுவார். இந்த முறை அவரை அழைத்துப் போக அவள் கடைக்கே போயிருந்தாள். கதவை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மா, "என்ன அண்ணே, இந்த வருஷமும் தலைகீழாத் தொங்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"வருஷம் பூரா தரையிலதானேம்மா நிக்கிறோம்."

"உங்க வயசுல நாங்கல்லாம் தொட்டிலைப் பார்த்தாலே மயங்கிருவோம். நீ என்னம்மா சொல்றே, அப்பாவைக் கீழ விழ விடாம கூட்டிட்டு வந்திருவியா?"

மகள் சிரித்து வைத்தாள். அவருக்கு இது ஒன்றுதான் ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தாள்: "போ போ. அந்த இரும்புல அப்பனுக்கும் மகளுக்கும் என்னதான் வச்சிருக்கோ."

அவளுக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. ஏறியதும் கண்ணை மூடினால் நின்ற பிறகுதான் திறப்பாள். எத்தனையோ தடவை போனில், 'இந்தத் தடவை பூங்கா வேண்டாம்பா' என்று நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. அதற்கு அடுத்த வார்த்தை என்ன என்று யோசிக்கும்போதுதான் பயம் வரும். பூங்கா வேண்டாமென்றால் அவர் எதற்காகக் கூப்பிடுவார்? இவள் எதற்காகப் போவாள்? இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு ராட்டினம்தான். அதையும் கழற்றிவிட்டால் பண்டிகைக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு போன் என்று தேய்ந்துபோகும். அதனால் வருஷா வருஷம் முடியை இறுகப் பின்னிக்கொண்டு வந்து நின்றாள்.

இந்த வருஷத்து ராட்டினம் பூங்காவின் கடைசி மூலையில் இருந்தது. அதன் உச்சியைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தபோது, கழுத்தில் விசில் மாட்டியிருந்த பெண், "சார் நீங்க முன்னாடி, மேடம் அதுக்குப் பின்னாடி" என்று பிரித்துவிட்டாள்.

"ஒண்ணா உட்காரக் கூடாதாம்மா? இது என் பொண்ணு."

"கீழ வந்ததும் ஒண்ணா இருங்க சார். இப்ப இடம் இப்படித்தான் இருக்கு."

அவர் ஊதினார், தட்டினார், உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு இளைஞன். கம்பி இறங்கித் தோளைப் பூட்டியது. சங்கிலி கடகடவென்று வண்டியை மேலே இழுத்தது.

வழக்கம்போல மகள் கண்ணை மூடப் போனாள். அதற்குள் அவர் பிடரி கண்ணில் பட்டுவிட்டது. இத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்ததில் அவள் பார்த்திராத பிடரி. சட்டைக் காலர் வரைக்கும் முடி தாறுமாறாக வளர்ந்திருந்தது. இடது பக்கம் ஒரு வெட்டு, நடுவில் ஒரு பள்ளம். கண்ணாடியை முன்னும் பின்னும் வைத்துத் தானே வெட்டிப் பார்த்து, பாதியில் விட்டிருக்கிறார். கடையில் இன்னொரு நாற்காலியில் வேலை செய்த பங்குக்காரர் தன் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று போன வருஷம் போனில் சொன்னார். 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டதோடு சரி. அப்பாவுக்கு முடி வெட்ட இனி ஆளில்லை என்பதுதான் அதன் பொருளென்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"அங்கிள், கையைத் தூக்குங்க! அப்பதான் ஜாலி!" என்று பக்கத்து இளைஞன் கத்தினான். அவர் ஒரு கையைக் காது உயரத்துக்குத் தூக்கி, சூடு பட்டதுபோல உடனே இறக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தோள்கள் இரண்டும் காதைத் தொட்டன. தலை குனிந்தது. சங்கிலிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் அவளுக்குக் கேட்டது.

"ஆச்சு ஆச்சு ஆச்சு... முடிஞ்சிருச்சு கண்ணு... தோ ஆச்சு."

உச்சியிலிருந்து வண்டி விழுந்தபோது அவள் கண்ணை மூடவில்லை. மூட மறந்துவிட்டாள். வானம் காலடியில் போனது, மரங்கள் தலைக்கு மேலே வந்தன, அவள் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன? பிடித்துப்போய் ஏறுகிற மனிதர் வாயில் வருகிற பேச்சா இது? முந்தைய வருஷங்களிலும் பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்டிருக்கிறது. சந்தோஷத்தில் பாடுகிறார் என்று நினைத்திருந்தாள்.

கீழே இறங்கியதும் அவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து முன்முடியை வாரிக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. கடைக்கு வரும் பையன்களிடம் கற்றுக்கொண்ட வார்த்தையைச் சொன்னார்.

"செம, இல்ல பாப்பா?"

அவளும் 'செம' என்று சொல்வதுதான் வழக்கம். இன்று வரவில்லை.

"என்ன, தலை சுத்துதா?"

"அப்பா, எனக்கு இது பிடிக்கலை."

"இது கொஞ்சம் முரட்டு ராட்டினம்தான். வா, கோப்பைக்குப் போவோம். அதுதான் உனக்குப் பிடிக்குமே."

"அதுவும் பிடிக்காதுப்பா. எதுவுமே பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்லை."

அவர் சீப்பைப் பைக்குள் வைக்கப் போய், பை தட்டுப்படாமல் இரண்டு தடவை தடவினார். "பின்ன எதுக்கு வருஷா வருஷம் வர்றே?"

"நீங்க கூப்பிடறீங்க. உங்களுக்குப் பிடிக்கும்னு வந்தேன்."

"எனக்கா?" யாரோ வேறொரு ஆளைப் பற்றிப் பேச்சு நடப்பதுபோல அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "எனக்கு வயித்தைக் கலக்கிரும் பாப்பா. ராத்திரி படுத்தா கட்டிலே ஏறி எறங்கும். கத்தரி பிடிச்சா கை நடுங்கும்னு ரெண்டு நாள் கடை திறக்கமாட்டேன். நீதானே அன்னிக்கு இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு நின்னே?"

"இறங்கினா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவீங்கன்னு சொன்னேன்பா அது."

எதிரே தண்ணீர் ராட்டினத்தில் நனைந்த குடும்பம் ஒன்று சலசலவென்று கடந்து போனது. போகிறவர்களின் தலையைக்கூட அவர் பார்க்கவில்லை.

"மேல போறப்போ ஆச்சு ஆச்சுன்னீங்களே, அது யாருக்குப்பா?"

"நானா சொன்னேன்?"

"ஆமா."

"கடைப் பழக்கமா இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "எனக்கா உனக்கான்னு கேட்டா... தெரியலையே பாப்பா."

இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இன்னும் பாதி நாள் மீதமிருந்தது. பூங்காவின் வரைபடத்தை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்ததெல்லாம் ராட்டினங்கள்தான். மடித்துவிட்டார். அவள்தான் ஆரம்பித்தாள்.

"கடை எப்படிப்பா போவுது?"

"போவுது. உனக்கு வேலை?"

"போவுது."

பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. இதற்குத்தானே பயந்தாள்? உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் அடுத்த வரிசையில் நின்று யாருடைய கிருதாவையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவரும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"போயிரலாமா?"

"சரிப்பா."

'போவது' என்றால் எங்கே என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. வாசலுக்கு வெளியே, வெயிலில், அவர்கள் வந்த பூங்காவின் பேருந்து காலியாக நின்றது. ஸ்டீயரிங்கின் மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பூங்கா மூடினப்புறம்தான் எடுப்போம். உள்ள நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா.

"பின்ன ஏன் பாதியில வந்துட்டீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள்.

"சும்மா உட்கார்ந்திருக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

"உட்காருங்க. எல்லாம் காலியாத்தானே கிடக்கு. எனக்கு ஆட்சேபணை இல்ல. பேசிக்கிட்டு இருந்தா மட்டும் மெதுவாப் பேசுங்க, நான் தூங்கணும்."

அவர் முதலில் ஏறி, நடு வரிசையில் ஊதித் தட்டி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். மாற்றுச் சட்டையும் தண்ணீர்ப் புட்டியும் இருந்த பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். பின்னாலேயே ஏறியவள் படி தாண்டி நின்றுவிட்டாள். இருபக்கமும் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். முன்னால் உட்காருவதா, எதிர்ப்பக்கம் உட்காருவதா என்று தெரியவில்லை. அவரும் அவளைப் பார்த்தார். பேருந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலியாய்க் கிடந்த இருக்கைகளைப் பார்த்தார். பிறகு பையை எடுத்து, மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.