பெண்ணின் அப்பா காட்டிய பச்சைக் கொடி

கூட்ஸ் வண்டி கார்டுக்கு ஓடுவதைவிட நிற்பதுதான் பெரிய வேலை. பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் போதும், எங்களைப் பக்கத்து லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிட்டு அதை முன்னே விடுவார்கள். யாருக்காவது வழிவிட்டு ஓரமாக நின்று தவித்தவர்தானே நீங்களும்? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வால் உள்ளே வந்ததா?

வேலைக்குச் சேர்ந்த புதிது. லூப் லைன் குட்டை, எங்கள் வண்டியோ நீளம். கடைசிப் பெட்டி மெயின் லைன் பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் வருகிற வண்டி மோதிவிடும். வாலில் இருக்கிற நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இறங்கிப் பார்த்தேன். வாக்கிடாக்கியில் "வந்தாச்சு" என்றேன். மறுபடி இறங்கிப் பார்த்து, மறுபடி "வந்தாச்சு" என்றேன். மறுபடியும் இறங்கினேன். எஞ்சினிலிருந்து டிரைவர் யாதகிரி சொன்னார்:

"சாப், வண்டி உள்ள வந்துடுச்சு. உங்க பயம்தான் இன்னும் வெளிய நிக்குது."

அப்பா எங்கே?

வருஷங்கள் ஓடின. என் மகள் மாலதி நாங்கள் குடியிருந்த தெலுங்கு ஊரிலேயே அமீர்பேட்டில் படித்து, கச்சிபௌலியில் வேலைக்குப் போனாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று நான் ஏதோ ஒரு லூப் லைனில் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் காத்திருந்து, காபி குடித்து, கிளம்பிவிட்டார்கள். அந்தப் பையனின் அப்பா வாசலில் சொன்னதை என் மனைவி விஜயாதான் சொன்னாள்:

"இதுக்கே வராதவர், கல்யாணத்துக்கு மட்டும் வந்துடுவாராக்கும்?"

மஞ்சள் மஃப்ளர்

அந்தச் சம்பந்தம் கலைந்தது. அடுத்து வந்த வரன் சென்னை. பையனை மாலதிக்கும் பிடித்திருந்தது. அவர்கள் காலை எக்ஸ்பிரஸில் வந்து, உறவினர் வீட்டில் குளித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. எனக்கு லீவு கிடைக்கவில்லை. விடிவதற்குள் டூட்டி முடிந்துவிடும் என்று நம்பினேன். ஊரை நெருங்கும்போது லூப் லைனில் போட்டார்கள் பாருங்கள், அழுகையே வந்துவிட்டது!

எக்ஸ்பிரஸ் வந்தது. கடந்து போகிற வண்டிக்கு நாங்கள் கொடி காட்டியே ஆக வேண்டும். பாவி வண்டி, அதுவும் ஊர்ந்து ஊர்ந்து போனது. மாலதி முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த மஞ்சள் மஃப்ளரைத் தலையில் கட்டிக்கொண்டு, "போய்த் தொலை, போய்த் தொலை" என்று பல்லைக் கடித்தபடி பச்சைக் கொடியை ஆட்டினேன். ஜன்னலோரம் ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே கையசைத்தார். அப்போது மாலதியின் போன். அப்பாவை அவள் தெலுங்கில் 'நான்னா' என்றுதான் கூப்பிடுவாள்:

"நான்னா, ப்ளீஸ்... இந்தத் தடவையாவது வந்துடுங்க."

வந்து சேர்ந்தேன்

கரித்தூசி யூனிஃபார்மும் கக்கத்தில் கொடியுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டாவது காபியும் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மாலதி தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா என் மஃப்ளரையே உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார்:

"ஏங்க, காலைல நமக்குக் கொடி காட்டினவர் இவர்தாங்க! பொண்ணோட அப்பாவே பச்சைக் கொடி காட்டிட்டார், இன்னும் என்ன யோசனை?"

அன்றைக்கு நான் வாய்க்குள் முணுமுணுத்தது இன்றுவரை சம்பந்தியம்மாவுக்குத் தெரியாது, நல்லவேளையாகக் கூட்ஸ் கார்டின் கொடிதான் வெளியே தெரியும், வாய் தெரியாது.