டேங்கர் தின்ற டீசல்

என் தங்கை கணவர் ஓட்டிய பிக்கப் வண்டி தனியாகப் போனால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. பின்னால் தண்ணீர் டேங்கரை மாட்டி இழுத்தால் எட்டு கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் எதிர்பார்ப்பு. கொடுத்தது ஐந்து. மீதி மூன்று எங்கே போகிறது என்பதற்கு முதலாளியிடம் ஒரே பதில்தான் இருந்தது. டிரைவர் டியூப் போட்டு டீசலை உறிஞ்சி விற்கிறார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. மழை பொய்த்த வருஷங்கள். ஆமத்தூரைத் தாண்டி இருந்த தோட்டக் கிணறு ஒன்றிலிருந்து முதலாளியின் பட்டாசு ஆலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முன்பு டிராக்டர் இழுத்தது. டிராக்டர் ஊர்ந்து போகிறது, அதற்குத் தனியாக ஓர் ஆள் வேறு என்று அவர் அதை விற்றுவிட்டார். அட்டைப்பெட்டி ஏற்றிவரும் பிக்கப்பின் பின்புறம் ஒரு கொக்கியை வெல்டிங் வைத்து டேங்கரை அதில் மாட்டினார். டிராக்டருக்காகச் செய்த டேங்கர், கனத்த இரும்பு, இரண்டு சக்கரம். காலியாகப் போகும்போது துள்ளித் துள்ளி வண்டியின் முதுகில் இடிக்கும். நிறைந்து வரும்போது இடத்தைவிட்டுக் கிளம்புவதற்கே முதல் கியரில் கரும்புகை கக்க வேண்டியிருக்கும்.

விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் லாரிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வண்டியை ஓட்டிக் காட்டியதில் அவர்களுக்குத் திருப்தி. மில்காரர் கேட்டது ஒன்றுதான்: டீசல் விஷயத்தில் சுத்தமான ஆள் என்று இப்போதைய முதலாளி வாயால் ஒரு வார்த்தை. அது வராவிட்டால் போவது மில் வேலை மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து முதலாளிகள் எல்லோரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். டீசல் திருடன் என்று ஒருவர் சொன்னால் சாத்தூர் முதல் சிவகாசி வரை யாரும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

வார்த்தை சொல்வதற்கு முன் சோதித்துப் பார்ப்போம் என்றார் முதலாளி. வண்டியின் டீசல் டேங்க்கை வாய் வரை நிரப்பி, ஒரு நாள் தண்ணீர் அடித்து, அதே பெட்ரோல் பங்கில் திரும்ப நிரப்பிப் பார்ப்பது. வண்டியில் அவரே உட்கார்ந்து வருவார். சாட்சிக்கு நான். நான் அப்போது ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தருவதும் என் வேலை, அவர் என் விளம்பரதாரர். “பேப்பர்காரர் கூட இருந்தா நாளைக்கு மச்சானும் மாப்பிள்ளையும் சேந்து என்னயக் குத்தம் சொல்ல முடியாதுல்லா” என்றார். மறுக்கிற இடத்தில் நான் இல்லை.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை என்னை வீட்டுக்கு வெளியே கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னார். டீசலை அவர் தொடவில்லை. கிணற்றுக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு காலனி இருக்கிறது. அங்கே குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். ஒவ்வொரு நடையிலும் அங்கே டேங்கரை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு குடம் விடுகிறார். ஒரே இடத்தில் நிறுத்தினால் தெருக்காரர்களுக்குள் சண்டை வருகிறது என்று மூன்று இடங்களில். செல்ஃப் மோட்டார் சரியில்லாததால் இன்ஜினை அணைக்க முடியாது. அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும், பின்னால் அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு தள்ள முடியாது. ஆகவே கடைசிக் குடம் நிறையும்வரை வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். பிறகு மூன்று முறையும் அந்தப் பாரத்தை நின்ற இடத்திலிருந்து, மேட்டில், முதல் கியரில் இழுக்க வேண்டும். பாதி காலியான டேங்கர் முழு டேங்கரைவிட மோசம். உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் அலை அடித்து, பிரேக் போட்டால் தள்ளும், ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பின்னுக்கு இழுக்கும். லிட்டருக்குக் குறைந்த மூன்று கிலோமீட்டரும் அங்கேதான் போயிருந்தன.

“அதைச் சொல்லிர வேண்டியதுதான மாப்ள?”

“சொன்னா டீசல் திருடலன்னு ஆகும். தண்ணியத் திருடுனேன்னு ஆகும்.”

நாளை ஒரு நாள் வர வேண்டாம் என்று காலனியில் சொல்லிவைக்கலாமே என்றேன். அங்கே ஒருத்தியிடம் சொன்னால் அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் இதே முதலாளியின் ஆலையில்தான் வேலை பார்க்கிறார்கள் என்றார். யாரிடமும் சொல்லாமல், நிறுத்தாமல், கடந்து போய்விடுவது என்று அவரே முடிவெடுத்திருந்தார்.

காலையில் பங்கில் டீசல் நிரப்பினோம். டேங்க்கில் காற்று நிற்கக் கூடாது என்று முதலாளி வண்டியைப் பிடித்து ஆட்டச் சொல்லி, கழுத்துவரை ஊற்றவைத்தார். பங்க் சரிவில் இருந்ததால் உருட்டியே கிளப்பிவிடலாம். கிளப்பிக்கொண்டு போய்க் கிணற்றடியில் டேங்கரை மாட்டினோம். முதலாளி ஜன்னலோரம், நான் நடுவில், கியர் ராடு என் இரண்டு முழங்கால்களுக்கும் இடையில். கியர் மாற்றும்போதெல்லாம் நான் முதலாளியின் மேல் சாய்ந்து வழிவிட வேண்டும். அவர் அன்று புது வேட்டி உடுத்தியிருந்தார், ஒவ்வொரு முறையும் அதை இழுத்து ஒதுக்கிக்கொண்டார்.

காலனியை நெருங்கியபோது சாலையோரம் குடங்கள் தெரிந்தன. பச்சை, நீலம், ஆரஞ்சு. முந்தின இரவே வரிசையில் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம், குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வண்டிச் சத்தம் கேட்டுப் பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்கள். மாப்பிள்ளை நேராகப் பார்த்து ஓட்டினார். இரண்டாவது இடம், மூன்றாவது இடம். குழாயில் தண்ணீர் வருகிறதா இன்றைக்கு என்று முதலாளி கேட்டார். வரும்போல என்றார் மாப்பிள்ளை. பக்கக் கண்ணாடியில் ஒரு பெண் கையைத் தூக்கியபடி நின்றது கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

வண்டி மூன்றாவது கியரிலும் நான்காவதிலும் சீராக ஓடியது. எங்கும் நிற்கவில்லை, எங்கும் திணறவில்லை. முதலாளிக்கு முகம் மலர்ந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படியே ஓடினால் சாயங்காலம் எட்டு வரும். எட்டு வந்தால், முதலாளி உட்கார்ந்த நாளில் எட்டு, உட்காராத நாளில் ஐந்து. அதைவிடப் பெரிய சாட்சி ஒரு திருட்டுக்குத் தேவையில்லை. நன்றாக ஓட்ட ஓட்ட மாப்பிள்ளை தனக்கு எதிராக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஆலையில் தொட்டியில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது, சமதளத்திலும் இரண்டாவது கியரிலேயே வண்டியை அலறவிட்டார். முதலாளி முன்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், “மேல தட்டு” என்றார். மாப்பிள்ளை என் முழங்காலை இடித்துக்கொண்டு மூன்றாவதுக்கு மாற்றினார். அதன்பின் டீசலைக் கூடுதலாக எரிக்கும் அந்த வழியும் அடைபட்டது. நான் வெயிலைப் பற்றி ஏதோ பேசினேன்.

காலி வண்டி காலனியைத் தாண்டியபோது யாரும் எதுவும் செய்யவில்லை. காலி டேங்கரை மறித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கிணற்றில் நிரப்பிக்கொண்டு இரண்டாம் நடை வந்தபோது குடங்கள் சாலையோரத்தில் இல்லை. சாலையின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இருந்தன. அவற்றுக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

‘காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல்’ என்ற வரியை அந்தக் கோடையில் மட்டும் நான் பலமுறை எழுதி ஃபேக்ஸில் அனுப்பியிருப்பேன். எப்போதும் ஓரமாக நின்று, தாசில்தார் வந்து பேசும்வரை பார்த்துவிட்டு எழுதியது. மறிக்கப்பட்ட வண்டிக்குள் இருந்தது அதுதான் முதல் தடவை.

“ரிவர்ஸ் எடு. சுத்திப் போயிரலாம்” என்றார் முதலாளி.

மாப்பிள்ளை எடுத்துப் பார்த்தார். டிராக்டர் கொக்கிக்காகச் செய்த டேங்கர் பின்னால் போக மறுத்து ஒரு பக்கமாக மடங்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கருவேலங்காட்டுப் பள்ளத்தில் இறங்கியிருக்கும். வண்டியை அப்படியே குறுக்காக நிறுத்தினார். முன்னால் குடங்கள், பின்னால் மடங்கிய டேங்கர், இரண்டு பக்கமும் முள். இன்ஜினை அணைக்கவில்லை. அந்த உறுமலில் டீசல் போய்க்கொண்டே இருந்தது.

வயதான பெண் ஒருவர் எழுந்து வந்தார். டிரைவர் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு முதலாளியின் ஜன்னலுக்கு வந்து கும்பிட்டார். ஆலையில் திரி வெட்டுகிறவர் என்று பின்னர் தெரிந்தது.

“மொதலாளி, நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. ஒங்க டிரைவரு காலையில நிறுத்தாமப் போயிட்டாக. நீங்க தண்ணி குடுக்கச் சொல்லித்தான அனுப்புதீக?”

மாப்பிள்ளை காலனியில் என்ன சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முதலாளி அனுப்பும் தண்ணீர். முதலாளியின் உத்தரவு. மற்ற பெண்களும் எழுந்து வந்து ஜன்னலைச் சூழ்ந்துகொண்டார்கள். கதவைத் திறந்து இறங்க முதலாளிக்கு இடமில்லை. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு கொடம்தான்னு கறாரா இருக்காக. நீங்க சொன்னதாம்ல. பிள்ளகுட்டி உள்ள வீட்டுக்கு ரெண்டு கொடம் எந்த மூலைக்கு? ஒங்க மனசு அம்புட்டுச் சின்னதாவா இருக்கும்?”

பின்னாலிருந்து ஒருத்தி, பட்டாசு மருந்துக்குக் கந்தகம் எடைபோடுவது போல அளந்து ஊற்றுகிறார் என்றாள். சிரித்தார்கள். முதலாளி சிரிக்க முயன்றார். சீசன் தொடங்கப்போகிற நேரம். ஆர்டர்கள் குவிந்திருந்தன, அந்தச் சாலையில் உட்கார்ந்திருந்த கைகள் இல்லாமல் ஒரு சரமும் கோர்க்க முடியாது. இல்லை, நான் அனுப்பவில்லை என்று சொல்லலாம். சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் நீண்டது.

“மூணா வச்சுக்கோங்க” என்றார்.

மூன்று இடங்களிலும் நின்றோம். கடைசி இடத்தில் கிளம்பும்போது அரைக் காலியான டேங்கர் பின்னுக்கு இழுத்து, வண்டி இரண்டு முறை நின்றுவிடப் பார்த்தது. மாப்பிள்ளை கிளட்ச்சை எரியவிட்டுத்தான் மேட்டை ஏற்றினார். முதலாளி அந்தப் புகையையும் வாடையையும் கவனித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிந்தைய நடைகளிலும் அப்படியே நின்று, அப்படியே கிளம்பினோம்.

சாயங்காலம் டேங்கரைக் கழற்றிவிட்டு அதே பங்கில், அதே பம்ப்பில் நிரப்பினோம். வண்டியை ஆட்டி, கழுத்துவரை. ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தபோது ஐந்துக்குச் சற்று மேல் வந்தது. முதல் நடை நிற்காமல் ஓடியதுதான் அந்தச் சற்று. முதலாளி தன் செல்போனில் ஒரு தடவை வகுத்துப் பார்த்துவிட்டு, என்னையும் வாயால் ஒரு தடவை வகுக்கவைத்தார்.

“டீசலத் தொடல” என்றார்.

“இல்ல அண்ணாச்சி” என்றார் மாப்பிள்ளை.

“எம் பேரச் சொல்லி என் தண்ணியக் குடுத்திருக்க. கேட்டிருக்கலாம்ல?”

“குடுத்திருக்க மாட்டீக.”

முதலாளி அதற்குக் கோபப்படவில்லை. போனில் மில்காரரின் எண்ணைத் தேடி எடுத்தார். எங்கள் இருவர் முன்னாலேயே பேசினார். குடும்பநலம் விசாரித்தார், துவரை விலை கேட்டார், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“டீசல்ல சுத்தமான பையன். நானே ஒரு நாள் பூரா கூட உக்காந்து பாத்துட்டேன். ஒரு சொட்டு அங்க இங்க போகாது.” கொஞ்சம் கேட்டுக்கொண்டார். “அதத்தான் சொல்ல வாரேன் அண்ணாச்சி. இவன விட்டா காலனிக்காரங்க நான் தண்ணிய நிறுத்திட்டேன்னு சீசன் நேரத்துல வேலைக்கு வராம உக்காந்துருவாங்க. நான் விடுறதா இல்ல. எங்கிட்டக் கேக்காம நீங்க எடுக்கவும் மாட்டீகன்னு தெரியும். வேற ஆளப் பாருங்க.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மாப்பிள்ளை கேட்டது அந்த வார்த்தையைத்தான். அது கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று குடம் என்றும், லிட்டருக்கு ஐந்து வந்தால் போதும் என்றும் முதலாளி சொல்லிவிட்டுத் தன் காரை வரச்சொல்லிப் போனார். மூன்றாவது குடத்துக்கு வண்டி இன்னும் அதிக நேரம் நின்று உறும வேண்டும், ஐந்துகூட இனி வராது என்று மாப்பிள்ளை அவரிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் என் தங்கை நின்றிருந்தாள். மாப்பிள்ளை கைகால் கழுவப் பின்பக்கம் போய்விட்டார். அவள் என்னிடம்தான் கேட்டாள்.

“நல்லபடியாச் சொன்னாகளா?”

“நல்லபடியாத்தான் சொன்னாக” என்றேன்.