ஸ்டெல்லாவின் பசைக் கை

செய்தி முதலில் என் மகளுக்குத்தான் போயிருக்கிறது. பாண்டி பஜாரில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கைப்பேசியில் அழைத்து, "அம்மா, ஸ்டெல்லா மிஸ் போயிட்டாங்கம்மா" என்றாள் கவிதா. அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். கோபாலபுரம் பள்ளியில் ஸ்டெல்லாவோடு இத்தனை வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான். நான் ஓவிய ஆசிரியை, அவள் கைவேலை ஆசிரியை. எனக்கல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது அந்த எரிச்சல்தான்.

அவளை அறிந்த நீங்கள் எல்லோரும் இரங்கல் குறிப்புகளில் 'தங்கமான மனுஷி' என்று எழுதிவிட்டீர்கள். உண்மைதான். ஆனால் தங்கமான மனுஷிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். என் வகுப்பில் மணி அடித்ததும் பிள்ளைகள் ஓட்டம் பிடிக்கும். அவள் வகுப்பில் மணி அடித்தாலும் எழுந்திருக்காது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டி அதுகள் செய்யும் யானைக்குக் கால் கோணும், தும்பிக்கை தொங்கும். அந்த யானையை மாம்பலம் ஸ்டேஷன் நெரிசலில் நசுங்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகும். நான் சொல்லிக்கொடுத்த அழகான மலையும் சூரியனும் பைக்குள் நாலாக மடிந்து கிடக்கும். வயிறு எரியாதா எனக்கு?

வகுப்பு தொடங்குமுன் அவள் மைதா பசையை இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை பூசிக்கொள்வாள். "மிஸ், இதைச் சரி பண்ணிக் குடுங்க" என்று யாராவது வந்தால் விரல்களை விரித்துக் காட்டுவாள். "பார்றா, கையெல்லாம் பசை. நான் தொட்டா ஒட்டிக்கும். நீயே பண்ணு." சுத்த பத்தம் இல்லாதவள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சும்மா இருந்தா கை தானா போய்த் திருத்திடும், லலிதா. என் கைமேல எனக்கு நம்பிக்கை கிடையாது" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போது கவிதாவும் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான், போட்டிக்காக அவள் வரைந்த மயிலின் கழுத்தை நான் நிமிர்த்திக் கொடுத்திருந்தேன். பரிசு வந்தது. திருத்தியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதன்பின் கவிதா வீட்டில் பென்சிலைத் தொடவில்லை. ஸ்டெல்லாவின் வகுப்பில் மட்டும் வரைவாள், வரைந்ததை அங்கேயே வைத்துவிட்டு வருவாள். "வீட்டுக்குக் கொண்டு வாயேன்டி" என்றால், "நீ திருத்துவே" என்பாள். பெற்றவள் நான், பார்ப்பவள் அவள். எப்படிப் பொறுத்துக்கொள்வது, சொல்லுங்கள்.

சாந்தோமில் அடக்கம் முடிந்து மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், இப்போது வேலைக்குப் போகிற அந்தக் கவிதா, கூடத்தில் உட்கார்ந்து ஸ்டெல்லாவின் முகத்தை வரையத் தொடங்கினாள். இந்த வீட்டில் அவள் வரைந்து எத்தனையோ காலமாயிற்று. மூக்கு கொஞ்சம் இடது பக்கம் போய்விட்டது. என் விரல்கள் பரபரத்தன. விறுவிறுவென்று அடுக்களைக்குப் போய் மைதாவைக் காய்ச்சி, முழுதாக ஆறக்கூடப் பொறுக்காமல் இரண்டு கையிலும் பூசிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா இது?" என்றாள். கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். "எப்படி இருக்கு, பாரு."

பார்த்தேன். கோணல் மூக்கோடு ஸ்டெல்லா சிரித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாவி, என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுப்பதும் நீதானா? இதிலும் நீயே ஜெயிக்க வேண்டுமா? உன்னிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பசையைத்தான். காய்ந்து தோலை இழுக்கிறது. கழுவ மனமில்லை.