முதலாளி கையில் இருந்த கயிறு

நான் பேக்கிங் பார்க்கும் முறுக்குக் கம்பெனியில், வேலை பார்த்துக்கொண்டே உணவுத் தரம் பற்றி டிகிரி படிக்கும் அப்ரண்டிஸாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். தினமும் தலையிலிருக்கும் மல்லிகைப்பூவைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

ஒருநாள் முதலாளி விருந்தாளிகளோடு வந்தார். அவள் வாசலை மறித்தாள்.

“சார், கையில இருக்க கயித்தக் கழட்டிட்டு வாங்க.”

“அழகர்கோயில் கயிறும்மா.”

“சாமி கோவிக்க மாட்டாரு சார். முறுக்குல கெடந்தா வாங்குனவங்க கோவிப்பாங்க.”

இவள் வேலை போச்சு என்று நினைத்தேன். முதலாளி கையை நீட்டினார்.

“சரி, நீயே வெட்டிவிடு.”

“கத்திரிக்கோலும் உள்ள வரக்கூடாது சார். வெளிய போயி வெட்டிட்டு வாங்க.”

முதலாளி வெளியே போய்க் கயிற்றை வெட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் பரீட்சைக்கென்று அவள் லீவு கேட்டாள். அவளிடம் இன்னும் எதைச் சோதிக்கப் போகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.