சாய்ந்த முகத்துக்கு எந்தத் திசை

0.157 மில்லிமீட்டர். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு அளவு அறையின் திரையில் இந்த எண் சிவப்பாக வந்து நின்றது. இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் தடிமன். டிராயிங் அனுமதித்ததோ 0.05தான். பம்ப் மூடியின் சாய்ந்த முகத்தில் தேவைக்கு மேல் உலோகம் இருக்கிறது என்று மெஷின் சொன்னது.

திரைக்கு முன்னால் இருந்தவளுக்கு வயது முப்பத்தொன்பது. பதினொரு வருடமாக அந்த அறை அவள் பொறுப்பு. தொழிற்சாலையில் மைக்ரான் என்று, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் அவள் பட்டப்பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் அவள் இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். வீட்டுச் சுவரில் படம் மாட்டுவதற்குக்கூட ரசமட்டம் எடுக்கிற ஆள் என்று அவள் கணவரே எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். அவர் பஸ் ஓட்டுநர்.

சி.எம்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அளவெடுக்கும் மெஷினுக்குப் புரோக்ராம் எழுதுவது அவள் வேலை. நுனியில் சிவப்புக்கல் உருண்டை பொருத்திய ஒரு மெல்லிய தண்டு இறங்கிவந்து பொருளைத் தொடும். தொட்ட இடத்தைக் கணினி குறித்துக்கொள்ளும். அவள் எழுதும் புரோக்ராமுக்கு இரண்டாவது ஆள் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. ஐந்து வருடம் ஒரு தப்பும் வராததால் கிடைத்த உரிமை. மொத்தத் தொழிற்சாலையிலும் அது அவள் ஒருத்திக்குத்தான்.

அந்த மூடிகளை வெட்டியவன் அவளுடைய கொழுந்தன். மில்லிங் மெஷினில் இருக்கிறான். வேலை வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான். சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்: "கேட்டுக்கு உள்ள நான் உனக்கு அண்ணி இல்ல. மேடம்னு கூப்பிடு." மூன்று வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, "மேடம், அந்தத் தட்டை இப்படித் தள்ளுங்க" என்று வம்புக்கு இழுப்பான்.

அவன்மேல் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் உண்டு. ஒன்று வெட்டுக்கருவியை உடைத்ததற்கு, மற்றது பொருளைச் சரியாகப் பிடிக்காமல் வெட்டியதற்கு. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

பத்து மூடிகளை அளந்தாள். பத்திலும் 0.157, 0.156, 0.158. பன்னிரண்டரைக்கு மேனேஜர் வந்து தாளைப் பார்த்தார்.

"பத்தும் ஒரே மாதிரி. அப்போ உங்க தம்பி டூலை ஏத்தி வெச்சிட்டாரு. வேற என்ன?"

"கொழுந்தன் சார்."

"யாரோ ஒருத்தர். உலோகம் கூடத்தானே இருக்கு? குறைஞ்சா பிரச்சினை. நாற்பத்திரண்டையும் இன்னொரு தடவை சீவச் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு லாரி."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் உள்ளே வந்தான். கையில் எண்ணெய்த் துணி.

"சார், நான் கேஜ் வெச்சு செக் பண்ணினேன். கரெக்டா இருந்துச்சு."

"உன் கேஜ் பெரிசா, இவ்வளவு பெரிய மெஷின் பெரிசா?"

"மெஷின் பெரிசுதான் சார். ஆனா..."

"சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு ஆரம்பி. லெட்டர் சாயங்காலம் வரும்."

மேனேஜர் போனதும் கொழுந்தன் அவளைப் பார்த்தான். "அண்ணி, நான் தப்பா வெட்டலை."

மூன்று வருடத்தில் அந்த அறைக்குள் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்காக ஏதாவது சொன்னால் குடும்பத்துக்காகச் சொன்னதாக ஆகும். மெஷினும் அவனுக்கு எதிராக நிற்கிறது. அவன் எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. முதலில் மெஷினைச் சந்தேகித்தாள். மேடையில் ஒரு பீங்கான் குண்டு நிரந்தரமாக நிற்கும். அதன் சரியான அளவைத் தயாரித்தவர்களே சான்றிதழில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்தாள். வித்தியாசம் 0.001. அறையின் வெப்பம் இருபது டிகிரி. மூடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பிடித்து அளந்தாள். அதே 0.157.

எங்கே இடிக்கிறது? மணி ஒன்றரை.

எண்களை விட்டுவிட்டு மெஷின் தொடும் விதத்தை யோசித்தாள். உருண்டை பொருளைத் தொடும்போது கணினிக்குத் தெரிவது உருண்டையின் நடுப்புள்ளி மட்டும். தொட்ட இடத்துக்கும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை, அதாவது உருண்டையின் பாதி அளவை, புரோக்ராமில் எழுதிய திசையில் அது கழித்துக்கொள்ளும். பரப்பு எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்பதை மூன்று எண்களில் எழுதவேண்டும். நேர் மேலே என்றால் 0, 0, 1. சாய்ந்த முகத்துக்குக் கோணத்தின் சைனும் கொசைனும். திசையைத் தப்பாகச் சொன்னால் தப்பான பக்கம் கழிக்கும். முகம் அகலமாக இருந்தால் நாலு இடத்தில் தொட்டு மெஷினே திசையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். இந்த முகத்தின் அகலமோ மூன்று மில்லிமீட்டர். ஒரே ஒரு புள்ளிதான் தொட்டிருந்தாள்.

தப்பு திசையில் இருந்தால் உருண்டை சின்னதாகும்போது பிழையும் சின்னதாகும். உலோகத்தில் இருந்தால் எந்த உருண்டையால் தொட்டாலும் அதே எண்தான் வரும்.

அப்போதே கொழுந்தனிடம் ஓடி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கையில் ஆதாரம் இல்லாமல் போனால் மேனேஜர் கேட்கப்போவது ஒரே கேள்வி: உங்க வீட்டு ஆளுங்கறதால சொல்றீங்களா? பெட்டியைத் திறந்தாள். இரண்டு மில்லிமீட்டர் உருண்டையைக் கழற்றி ஒரு மில்லிமீட்டர் உருண்டையைப் பொருத்தினாள். ஊசி போன்ற சாவி இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. புதிய உருண்டையைப் பீங்கான் குண்டில் தொடவைத்து அதன் சரியான அளவை மெஷினுக்குக் கற்பிக்க எட்டு நிமிடம் ஆகும். அதை அவசரப்படுத்த முடியாது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆட்கள் கை கழுவிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி மணியடித்தது. தூரத்தில் மில்லிங் மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின.

இரண்டு மணி நாலு நிமிடம். உருண்டை இறங்கி மூடியைத் தொட்டது.

0.080.

பாதி. உருண்டை பாதியானதும் பிழையும் பாதியாகிவிட்டது. அவள் ஓடினாள்.

அளவு அறையிலிருந்து மில்லிங் கூடம் எண்பது அடி. அந்தத் தரையில் ஓடக்கூடாது என்பது விதி. கடைசல்காரர் ஒருவர் வாயில் விரல் வைத்துப் பார்த்தார். கொழுந்தனின் மெஷினில் சிவப்புப் பொத்தானைக் கையால் அறைந்தாள். சத்தம் அடங்கியது.

"எத்தனை வெட்டினே?"

"ஒண்ணு முடிஞ்சிருச்சு. ரெண்டாவது இப்பத்தான் பிடிச்சேன்." வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் அவன் கன்னத்தில் தெறித்திருந்தது. "கிளாம்ப்பை மூணு தடவை துடைச்சேன், நாலாவது தடவை துடைக்க முடியலை. சார் பார்த்துக்கிட்டே நின்னாரு."

மேனேஜர் அங்கேயே இருந்தார். "என்ன மேடம் இது?"

"டிராயிங் குடுங்க."

பெஞ்சிலேயே விரித்தாள். முகத்தின் கோணம் முப்பது டிகிரி. இதே மூடியின் பழைய டிராயிங்கிலும் முப்பதுதான். பழையதில் அது படுக்கைக் கோட்டிலிருந்து அளந்தது. புதியதில் அம்புக்குறி செங்குத்துக் கோட்டிலிருந்து கிளம்பியிருந்தது. கொழுந்தன் அம்புக்குறியைப் பார்த்து வெட்டியிருக்கிறான். அவள் முப்பதைப் பார்த்ததும் கை தானாகப் பழைய எண்களை எழுதிவிட்டது: 0.5, 0, 0.866. இருக்கவேண்டியது 0.866, 0, 0.5.

"அப்போ மூடி?"

"மூடி சரி சார். வாங்க, காட்டறேன்."

மேனேஜர் எதிரிலேயே இரண்டு எண்களையும் இடம் மாற்றி ஓட்டினாள். 0.002. பச்சை. பெரிய உருண்டையை மறுபடி மாட்டித் தொட்டாள். அப்போதும் 0.002. பிறகு மறுபடி வெட்டிய அந்த ஒரு மூடியை வைத்தாள். திரையில் கழித்தல் குறியோடு 0.155 வந்தது. சீவிய உலோகம் திரும்ப வராது.

மேனேஜர் அந்த மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"புரோக்ராம் யாரு எழுதினது?"

"நான்."

"செக் பண்ணினது?"

"நான்தான்."

"கையெழுத்து?"

"அதுவும் என்னுதுதான் சார்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"நாற்பத்தொண்ணு குப்பைக்குப் போயிருக்கும். இவன் வீட்டுக்குப் போயிருப்பான்."

"லெட்டர் டைப் பண்ணியாச்சு," என்றார் மேனேஜர். "பேரை மட்டும் மாத்தணும்."

கண்ணாடிக்கு வெளியே நின்ற கொழுந்தனுக்கு எதுவும் கேட்டிருக்காது. அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான் போல. துணியைச் சுருட்டி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போனான்.

மீதி நாற்பது மூடிகளை அளந்து முடிக்க நாலே முக்கால் ஆனது. நாற்பத்தொன்றும் பச்சை. லாரி ஐந்தேகாலுக்குக் கிளம்பியது. பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அண்ணி."

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"டப்பாவைக் குடுங்க. நான் காலையிலேயே மோப்பம் பிடிச்சேன்."

"கையைக் கழுவினியா?"

"நாலு தடவை."

டப்பாவை அவன் மடியில் வைத்தாள். பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு அவள் எழுதும் ஒவ்வொரு புரோக்ராமையும் இன்னொருவர் டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மெஷினில் ஓட்டலாம்.