அழிக்கச் சொன்ன விடை

பிள்ளைகளே, உங்கள் அக்கா பத்தாம் வகுப்பில் ஒரு கணக்குத் தாளுக்குப் பூச்சியம் வாங்கியதற்குக் காரணம் நான்தான். அவள் இதை உங்களுக்குச் சொல்லமாட்டாள். நீங்கள் இருவரும் அப்போது சின்னவர்கள். டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் கட்டிலுக்குக் கட்டில் தாவிக்கொண்டிருந்தீர்கள். ஆகவே நானே எழுதிவைக்கிறேன்.

அந்த வருடம் எங்களுக்கு இன்னும் லாண்டட் பேப்பர் வரவில்லை, அதாவது இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்ற கடிதம். அதனால் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தபால்பெட்டியைத் திறக்கப் பயம். எந்தத் தாளில் எதை எழுதினாலும் அது இமிகிரேஷன்காரரிடம் போய்ச் சேரும் என்று நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் டீச்சர் ஐந்து இருபடிச் சமன்பாடுகளைக் கொடுத்து வீட்டில் செய்துவரச் சொன்னார். அடுத்த வருடம் அவள் அட்வான்ஸ்ட் வகுப்பா, ஜெனரல் வகுப்பா என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கும். ஜெனரலுக்குப் போனால் பல்கலைக்கழகத்தை மறந்துவிட வேண்டியதுதான். தாளின் அடியில், 'எனக்கு யாரும் உதவவில்லை' என்று ஒரு வரி, அதன் கீழே மாணவி கையெழுத்திட இடம். அந்த வரியை நான் வாசிக்கவில்லை.

என் தலைக்குள் வேறொன்று இருந்தது. நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தை அகராதியோடு வாசித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அட்சரகணிதம் என்று படித்த அல்ஜிப்ரா எங்கிருந்து வந்தது என்று அதில் இருந்தது. ஆயிரம் வருடங்களுக்கு மேலே, பாக்தாத்தில் ஒருவர் அதை அரபியில் எழுதினாராம். எக்ஸ், வை ஒன்றும் கிடையாது. தெரியாத எண்ணுக்குப் 'பொருள்' என்று பெயர். எண்களைக்கூடச் சொல்லாகவே எழுதியிருக்கிறார். குறைபட்ட பக்கத்தை நிரப்பு, இரண்டு பக்கமும் சமமாக இருப்பதை எடுத்துவிடு: இந்த இரண்டு வேலைகளால் சமன்பாடுகளையெல்லாம் ஆறு வகைக்குள் கொண்டுவந்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் முப்படிக்கும் துணிந்தார்கள். வளைகோடுகளை ஒன்றையொன்று வெட்டவிட்டு, வெட்டிய இடத்தில் விடை எடுத்தார்கள். நானோ 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று பாடமாக்கியவன். ஏன் மாறுகிறது என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் புத்தகம் சொன்னது. நிலத்தில் கால் பாவவில்லை எனக்கு.

சனிக்கிழமை அக்காவின் பக்கத்தில் போய் இருந்தேன். முதல் கணக்கு: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் ஆறு மடங்கைக் கூட்டினால் நாற்பது. அந்த எண் என்ன? நான் வேலை செய்த பெட்டிக் கொம்பனியின் கழிவு அட்டையில் ஒரு சதுரம் வெட்டினேன்; அதன் பக்கம்தான் அந்தத் தெரியாத எண். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் மூன்று அகலத்தில் ஒவ்வொரு பட்டி வைத்தேன். மூலையில் மூன்றுக்கு மூன்று இடம் காலியாக இருந்தது.

"மூலையை நிரப்பு. நாப்பதும் ஒன்பதும்?"

"நாப்பத்தொன்பது. அப்ப முழுப் பக்கம் ஏழு. மூண்டு போனா நாலு." அவள் கண் விரிந்தது. "கூல், அப்பா! ஆனா மைனஸ் டென்னும் வரும். ரெண்டு ஆன்சர்."

மைனஸை நாங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 'சய' என்போம்.

"சயப் பத்து நீளத்திலை ஒரு அட்டை வெட்டிக் காட்டு பாப்பம்."

"டீச்சர் அப்பிடித்தான் சொல்லித் தந்தவ."

"கண்டுபிடிச்ச மனிசனே ஒரு விடைதான் எழுதியிருக்கிறார். உந்த டீச்சர் அவரிலும் பெரிய ஆளோ? அழி பிள்ளை."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னா: "ஓ லெவல் சோதினையிலை கணக்கை மூண்டு தரம் எழுதிப் பாஸான வாத்தியார் சொல்லுறார். அழியன்."

அக்கா சிரித்துக்கொண்டே அழித்தாள். ஐந்து கணக்குகளிலும் சய விடையை அழிக்கவைத்தேன். வழியையும் எக்ஸ் இல்லாமல் சொல்லிலும் சதுரத்திலும் எழுதவைத்தேன்.

அடுத்த வியாழன் கடிதம் வந்தது. ஜெனரல் வகுப்புக்குப் பரிந்துரை, பெற்றோர் வந்து கையெழுத்திடவும். கூடவே, ஒவ்வொரு கணக்கிலும் ஒரு விடை குறைகிறது என்று திருத்திய தாள். அப்போதுதான் அந்த வரியையும் கீழே அக்காவின் கையெழுத்தையும் கண்டேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க ஹப்பியா இருந்தீங்கள்." பிறகு மெதுவாக, "நான் ஜெனரலுக்கே போறன் அப்பா. ஒண்டும் சொல்லாதேங்கோ. சீட்டிங் எண்டு எழுதினா ஃபைலிலை கிடக்கும்."

ஃபைல். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வேலையில் பெட்டி மடிக்கும்போதெல்லாம் ஓர் அதிகாரி அந்தத் தாளை என் முன்னால் நீட்டுவார். பொய்க் கையெழுத்து வைக்கும் குடும்பமா நீங்கள் என்று கேட்பார். வாயை மூடினால் மகளின் படிப்பு போகும். திறந்தால் எல்லாருமே போகவேண்டி வரலாம்.

திங்கள் பின்னேரம் நானும் அக்காவும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். டீச்சர் சம்மதப் படிவத்தையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். பேனையை எடுத்தேன். அக்கா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனையைத் திரும்ப வைத்தேன்.

"மிஸ், ஐ ஹெல்ப். ஷீ ரைட் டூ ஆன்சர். ஐ டெல், இரேஸ். மை மிஸ்டேக்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. டீச்சர் அந்தத் தாளை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் அழித்த அடையாளம் தெரிந்தது. அவர் முகம் இறுகியிருந்தது. என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அக்காவின் கையில் சோக்கைக் கொடுத்தார்.

கதவில் இருந்த சின்னக் கண்ணாடியால் அக்காவின் முழங்கை மட்டும் தெரிந்தது. அது அசைந்தது, நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு திரும்ப அசைந்தது.

டீச்சர் வெளியே வந்து ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி சொன்னார்: வீட்டில் செய்த தாளுக்குப் பூச்சியம், அதில் மாற்றமில்லை. ஆனால் கரும்பலகையில் இரண்டு விடையும் வந்துவிட்டன; அவள் அட்வான்ஸ்டிலேயே இருக்கலாம்.

"மிஸ், திஸ் கோ இமிகிரேஷன்?"

"இமிகிரேஷன்?" அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "நோ, சேர். இட்ஸ் மாத்ஸ்."

அக்கா வீட்டுக்கு நடந்தாள். நான் வேலைக்குப் பஸ் ஏறினேன். பின் ஆசனத்தில் தனியே இருந்து, பஸ் மாறத் தரும் ட்ரான்ஸ்ஃபர் சீட்டின் மறுபக்கத்தில் சயப் பத்து என்று எழுதினேன். அதை அதனாலேயே பெருக்கினேன்: நூறு. சயப் பத்தின் ஆறு மடங்கைச் சேர்த்தேன், அறுபது குறைந்தது. நாற்பது. பிறகு மற்ற நான்கு கணக்குகளையும் நினைவிலிருந்து எழுதி, அழிக்கச் சொன்ன விடைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.