என்னை என்னிடமே விசாரித்தவர்

எனக்கு நானே நன்னடத்தைச் சான்று கொடுத்துக்கொண்ட மடையன் நான். அதையும் டெலிபோன் கம்பி வழியாகக் கொடுத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், நம்பர் தெரியாதவர்களுக்கு நம்பர் பார்த்துச் சொல்லி இணைத்துவிடுவது என் வேலை. புத்தகத்தில் பேர் வரிசையாக இருக்கும். கேட்பவர்களோ, "மேலமாசி வீதியில, வாசல்ல வெள்ளைக் குதிரை வண்டி நிக்குமே, அந்த வக்கீலு" என்பார்கள். எதற்குக் கேட்கிறோம் என்பதையும் ஒப்பித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள்.

ஒரு நாள் காலை, மேலூர் தபாலாபீஸிலிருந்து ஒருவர் பேசினார்.

"தம்பி, தெக்குமாசி வீதி ஜவுளிக்கடைக்காரர் நம்பர் வேணும். அவரு வீட்டு மாடியில ஒரு பையன் குடியிருக்கானாம், டெலிபோன் ஆபீஸ்ல வேலையாம். எம் மகளைக் கேட்டு வந்துருக்காக. ஆளு எப்படின்னு தெரியணும்."

அந்தப் பையன் நான்தான். அவர் மகளை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜவுளிக்கடைக்காரரோ, ராத்திரியெல்லாம் நான் பாடும் பாட்டைத் தாங்க முடியாமல், மாடியைக் காலி செய் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

"அந்தப் பையனை எனக்கே நல்லாத் தெரியுங்க. தங்கமான பிள்ளை."

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"பிறந்ததுல இருந்துங்க."

"வெத்தல, பொடி?"

"தொடவே மாட்டாரு."

"குறைன்னு ஒண்ணுமே இல்லையா?"

"கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

"சரி தம்பி, எதுக்கும் அந்தக் கடைக்கும் போடுங்க."

ஏதாவது அரிசி ஆலைக்கு இணைத்துவிட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதுவரை யாருக்கும் தெரிந்தே தப்பு நம்பர் கொடுத்ததில்லை. நான் பெருமைப்பட என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். கடைக்கே இணைத்தேன். ஒட்டுக்கேட்கவும் கூடாது. காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, மின்விசிறிக்கு அடியிலேயே வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து, பெண் பார்க்க வரச் சொல்லி ஆள் வந்தது. அப்பாவோடு மேலூர் போனேன். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, வணக்கத்தைக்கூடக் கையாலேயே முடித்துக்கொண்டேன். பெண் காபியை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குமேல் ஊமையாக உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அவள் தகப்பனாரிடம், "அன்னைக்கு அந்தப் பையனைப் பத்தி லைன்ல சொன்னது... நான்தாங்க" என்றேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தெரியும் மாப்ள, இலை போட்டாச்சு, வந்து கை நனைங்க."